வடைக் கடைக்குப் போன என் கடிதம்

1998-ஆம் ஆண்டு, மாசி மகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது மலாக்காவில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. டவுனில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை. அப்பா காலமான பிறகு எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மா, அக்கா, நான் மூவரும் டுரியான் துங்காலில் வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பதினைந்து வயதிலேயே அது எனக்குத் தெரியும். இன்றைக்குத் தன்பாலீர்ப்பு என்று கௌரவமாக எழுதுகிறார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் எல்லாமே கெட்ட வார்த்தைகள். போதாக்குறைக்குக் கடவுள் நம்பிக்கையும் போய்விட்டிருந்தது. இரண்டையும் யாரிடமும் சொன்னதில்லை. கோயிலுக்குப் போனால் எல்லோரையும் போல் திருநீறு பூசிக்கொள்வேன். கல்யாணப் பேச்சு வந்தால் சிரித்து மழுப்புவேன்.

ஆபீசில் இன்டர்நெட் வந்த புதிதில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எதையோ தேடப் போய் ஒரு மின்னஞ்சல் குழுவைக் கண்டுபிடித்தேன். என்னைப் போலவே ஆண்களை விரும்பும், கடவுளை நம்பாத ஆண்கள் ஆங்கிலத்தில் எழுதி விவாதிக்கும் குழு. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ எழுதினார்கள். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். இனி எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். குழப்பம்தான் கூடியது.

அவர்களில் முக்கால்வாசிப் பேர் தேவாலயத்தோடு சண்டை போட்டு வெளியே வந்தவர்கள். உன் மதம் உன்னைப் பாவி என்று சொல்கிறதா என்று என்னைக் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். முருகனுக்கு என்னைப் பிடிக்காது என்று எந்தப் பூசாரியும் என்னிடம் சொன்னதில்லை. பார்க்கும்போதெல்லாம் எப்போது கல்யாணச் சாப்பாடு என்று கேட்கிற மாமாக்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். குழுவில் இருந்தவர்களுக்குக் கோபப்பட ஓர் இடம் இருந்தது. நான் யார்மேல் கோபப்படுவது?

அந்தச் சமயத்தில்தான் காவடி விஷயம் வந்தது. முந்தின வருடம் மஞ்சள் காமாலை கண்டு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிள்ளை பிழைத்தால் மாசி மகத்துக்குக் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டேன். டாக்டரால் என்று நான் நினைத்தேன், முருகனால் என்று அம்மா நினைத்தார். எடுத்தால் பொய்யாகிவிடும். எடுக்காவிட்டால் அம்மா தாங்கமாட்டார். என்ன செய்யலாம் என்று குழுவிடமே கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். மேல்பாதியில் என்னைப் பற்றி, ஒளிவுமறைவே இல்லாமல். கீழ்ப்பாதியில் காவடி என்றால் என்ன, அம்மா என்ன நினைக்கிறார், நான் எடுப்பதா வேண்டாமா. மற்றவர்கள் எல்லோரும் புனைபெயரில் எழுத, நான் மட்டும் மரமண்டை மாதிரி அடியில் சொந்தப் பெயரைப் போட்டுவிட்டேன்.

பதில்கள் குவிந்தன. வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? ஆறஅமரப் படிக்கலாம் என்று என் கடிதத்தையும் பதில்களையும் ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, மேசை இழுப்பறையில் பழைய சரக்குப் பட்டியல்களுக்கு அடியில் செருகி வைத்தேன். மறுநாள் காய்ச்சல். டாக்டரிடம் எம்.சி. வாங்கி இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்பினால் இழுப்பறை துடைத்து வைத்ததுபோல் காலி.

ஆடிட்டர் வருகிறார் என்று பழைய தாள்களை எல்லாம் ஒழித்துக்கட்டியிருந்தார்கள். எங்கள் ஆபீசில் கழித்த தாள்கள் எப்போதும் கிளேபாங் சாலையோரத்தில் வடை சுடும் ஓர் அண்ணனுக்குத்தான் போகும். அவர் அவற்றை இரண்டாகக் கிழித்து வடை சுற்றிக் கொடுப்பார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தேன்.

“அண்ணே, ஆபீஸ் பேப்பர் மாறி வந்துருச்சு. கொஞ்சம் பார்த்துக்கறேன்.”

“முந்தாநேத்துலேர்ந்து கிழிச்சுக் கிழிச்சு சுத்திக்கிட்டு இருக்கேன்லா தம்பி. யார் யார் கையில போச்சோ! இருக்கறதைப் பாரு,” என்று தாள்கட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

கடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பதில்களில் மூன்று தாள் கிடைத்தது. என் கடிதம் இல்லை. குப்பைத் தொட்டியைக் கிளறினேன். ஒரு மலாய்க்காரப் பெரியவர் வடை தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சரக்குப் பட்டியல். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்படி என்னதான் தம்பி அதுல?” என்றார் வடைக்கார அண்ணன். கிடைத்த மூன்று தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பஸ் ஸ்டாண்டில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். கோயிலில் ஒரு மாமா தோளைத் தட்டினார். படித்துவிட்டுத் தட்டுகிறாரா, சும்மா தட்டுகிறாரா? அம்மா காவடிக்கு மஞ்சள் துணி எடுத்து வந்து அளவு பார்த்தார். விறைத்துப்போய் நின்றேன். ஊருக்குத் தெரிந்துவிட்டால் இதே அம்மா என்னை எப்படிப் பார்ப்பார் என்ற ஒரே நினைப்பு. குழுவில் புதிதாக வந்த பதில்களை ஆபீஸ் திரையில் ஓட்டமாகப் பார்ப்பதோடு சரி, எழுதுவதை நிறுத்திவிட்டேன். மீதமிருந்த மூன்று பதில்களில் ஒன்று எடுக்காதே என்றது, ஒன்று அம்மாவுக்காக எடு என்றது, மூன்றாவது என்ன சொல்கிறது என்று நாலு தடவை படித்தும் எனக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அக்கா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தஞ்சோங் கிளிங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஆங்கிலம் நன்றாகவே படிப்பாள். என் சட்டையை உதறிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

“தம்பி, அதுக்குப் பதில் வந்துச்சா?”

“எதுக்குக்கா?”

“காவடி எடுக்கலாமா வேணாமான்னு கம்ப்யூட்டர்ல கேட்டிருந்தியே.”

அக்காவே சொன்னாள். நான் காய்ச்சலில் படுத்திருந்த அன்று, பேக்டரி பஸ் கிளேபாங்கில் நின்றபோது எனக்காகத்தான் வடை வாங்கினாளாம். இரண்டு பொட்டலம். ஒன்றைப் பிரித்ததும் அடியில் என் பெயர் இருந்ததாம்.

“இன்னொரு துண்டு?” என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

“இன்னொன்னு எண்ணெயில ஊறி எழுத்தே தெரியல. ரெண்டையும் அடுப்புல போட்டுட்டேன்,” என்றாள் அக்கா. “சொல்லு, என்ன பதில் போட்டாங்க?”

“எடுக்காதேன்னு நெறைய பேரு. எடுன்னு ரெண்டு மூணு பேரு. இன்னும் சண்டை ஓயல.”

அக்கா சிரித்துவிட்டாள். “நம்ம கோயில் கமிட்டி மாதிரிதான்லா! சரி, நீ என்ன நெனைக்கிற?”

“தெரியலக்கா.”

“தெரியலைன்னா தெரியலதான். அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்றவள், சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, “வேண்டிக்கிட்டது அம்மாதானே? அவங்களே பால்குடம் எடுக்கட்டும். நான் பேசிக்கிறேன்,” என்றாள்.

உலகம் முழுக்க உட்கார்ந்து விவாதித்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அக்கா என்ன பேசினாளோ, அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சம்மதித்தார். மாசி மகத்தன்று அம்மா பால்குடம் சுமந்து நடந்தார். வெயிலில் அவர் கால் சுடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் பக்கத்தில் நடந்தேன். நம்பிக்கை வந்ததா என்றால் வரவில்லை. ஆனால் அன்று அங்கே நிற்க எனக்குக் கூசவில்லை. அது ஏன் என்பதும் எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு வீட்டில் என் கல்யாணப் பேச்சு எப்போது வந்தாலும், “அவனுக்கு வேணாம்னா விடுங்கலா” என்று அக்கா முந்திக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாள். மற்ற விஷயத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என்னைப் பற்றி எழுதியிருந்த மேல்பாதி உண்மையிலேயே எண்ணெயில் அழிந்துபோனதா, முழுக்கப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போட்டாளா என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியாது. நீ என்ன நினைக்கிறாய் என்று என்னிடம் கேட்டு, தெரியவில்லை என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அவள் என்பது மட்டும் தெரியும். யாராவது என்னிடம் வந்து தெரியவில்லை என்று சொன்னால் நானும் அவசரப்பட்டுப் பதிலைத் திணிக்காமல் கூட நிற்கிறேன்.