மூன்று பேர் ஓட்டிய கார்

இரண்டாம் சனிக்கிழமை வந்தால் விடியும் முன்பே என் கால்கள் விழித்துக்கொள்ளும். உடம்பு படுத்திருக்கும், கால்கள் மட்டும் போர்வைக்குள் எங்கோ போய்க்கொண்டிருக்கும். ஐம்பதைத் தாண்டியும் இந்தப் பறப்பு அடங்கவில்லை. ஒரே ஜன்னல், ஒரே தெரு, ஒரே வேப்பமரம் என்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. சேலத்துக்கும் காவிரிக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளி பெரிய அழகி ஒன்றும் இல்லை. பொட்டைக் கரடு, மரவள்ளிக்காடு, கோழிப்பண்ணைகளின் நீண்ட கூரை, வரிசையாக நிற்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். ஆனாலும் ஓடும் காரிலிருந்து பார்த்தால் அது கூடவே ஓடி வரும். எனக்கு அது போதும்.

நாங்கள் மூன்று பேர். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பூங்காவில் எட்டு போட்டு நடக்கும்போது பழகியவர்கள். ஒருத்தி நாமக்கல்காரி. ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை, பேச்சும் போகவில்லை. இன்னொருவர் டீச்சர், பங்குக் கோயில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்களில் மூத்தவர். மூன்றாவது நான்.

கார் நாமக்கல்காரியுடையது, ஓட்டுவதும் அவள்தான். அவள் பிறந்த வீட்டில் பன்னிரண்டு லாரிகள் ஓடின. ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்கில் பூ வைப்பதோடு அந்த வீட்டுப் பெண்களின் பங்கு முடிந்தது. கணவர் இறந்த பிறகு, அவளுடைய நாற்பத்தாறாம் வயதில், மகன் பழைய காரை வீட்டில் விட்டுவிட்டு புதியது வாங்கினான். அவள் யாரிடமும் சொல்லாமல் ஓட்டப் பழகினாள். முதல் முறை எங்களை ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டு மலைப்பாதையில் ஏறியபோது ஒவ்வொரு வளைவிலும் "அப்பா, பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே திருப்பினாள். அர்த்தநாரீசுவரரைச் சொல்கிறாள் என்று நினைத்தோம். லாரிக்கார அப்பாவைத்தான் சொல்லியிருக்கிறாள்.

எட்டு வருடம் அப்படிச் சுற்றினோம். பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறி அக்கரைக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டு இக்கரைக்கு வந்தோம். ஜேடர்பாளையத்தில் வாழையிலையில் மீன் வறுவல். டிசம்பரில் டீச்சர் எங்களைக் கோயில் கோயிலாகக் கிறிஸ்துமஸ் குடில் பார்க்கக் கூட்டிப் போவார். தை மாதத்தில் நாமக்கல்காரி அவரைக் காவடி பார்க்கக் கூட்டிப் போவாள். எங்கே போனாலும் ஊர் திரும்பியதும் தட்டுவடை செட் தின்னாமல் யாரும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

போன வருடம் தையில் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தது.

"டீச்சர், முன் சீட்டுல சும்மா உக்காந்துக்கிட்டு வரக் கூடாதுங்க" என்றாள் நாமக்கல்காரி. "எங்கப்பா லாரில கிளீனரு எடப்பக்கம் பாத்துச் சொல்லிக்கிட்டே வருவான். நீங்களும் சொல்லோணும்."

"பென்ஷன் வாங்குற வயசுல எனக்கு கிளீனர் வேலையா?"

"சோறு போட்டு வெச்சுக்கறனுங்க."

சிரித்தோம். டீச்சர் ஒரே நாளில் தேறிவிட்டார். "லெஃப்ட்ல சைக்கிள்." "லெஃப்ட் காலி, வரலாம்." "ஆட்டுக்குட்டி, ஆட்டுக்குட்டி, நிப்பாட்டும்மா." கணக்கு டீச்சரின் குரல், பின்வரிசைக்கும் கேட்கும்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் ராசிபுரத்துக் கடையில் அவளுடைய இடது கைப் பக்கம் வைத்த காபியை அவள் முழங்கையால் தட்டிக் கொட்டினாள். அடுத்த மாதமும் கொட்டினாள். காரின் இடது கண்ணாடி எங்கள் தெருக் கம்பத்தில் மோதி உடைந்தது. "எளவு, இந்தக் கம்பம் எப்ப வந்துச்சு?" என்றாள். அந்தக் கம்பம் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தது. அவளுக்கு இடப்பக்கம் மங்கி வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் கடைகளில் டம்ளரை ஓசையில்லாமல் வலப்பக்கம் நகர்த்தி வைப்பதைப் பார்த்தபோது அவருக்கும் தெரியும் என்று தெரிந்தது.

யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை, "கண்ணைக் காட்டலாமில்ல?" என்று டீச்சர் மெல்ல ஆரம்பித்தார்.

"கண்ணாடி மாத்தோணுமுங்க, அவ்ளோதான். ஆஸ்பத்திரிக்குப் போனா எம்மகனுக்குத் தெரியும். அவன் சாவியப் புடுங்கிக்குவான். அப்பறம் நானு ஊட்டுக்குள்ள ஒக்காந்து சீரியல் பாக்கோணும். நீங்களும் வந்து பக்கத்துல ஒக்காந்துக்கங்க."

டீச்சர் பேச்சை மாற்றினார். நானும் மாற்றினேன். இந்தப் பக்கத்து மரியாதை அப்படிப்பட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' ஒட்டி, சொல்ல வேண்டியதை அந்த 'ங்க'வுக்குள்ளேயே புதைத்துவிடுவோம். என் விஷயத்தில் மரியாதை மட்டும் என்று சொன்னால் அது பொய். எனக்கு ஊர் சுற்ற வேண்டும். அவள் நிறுத்தினால் என் இரண்டாம் சனிக்கிழமைகள் நின்றுவிடும். அதனால் நானும் பார்வை இல்லாதவளாக இருந்துகொண்டேன், இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும்போதே.

இந்தத் தையில் மோகனூர் போவதாகத் திட்டம். ஆற்றில் கால் நனைப்பது, மதியம் ஆற்று மீன், சாயங்காலம் பக்கத்து ஊரில் வள்ளி கும்மி அரங்கேற்றம். நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சாலையோரத்தில் அவித்த நிலக்கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு கரும்பு. இரண்டு பக்கமும் கரும்பு, முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், வழியெல்லாம் உதிர்ந்த சோகை. வெயில் இளசாக இருந்தது. அந்த வெளிச்சத்தில், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று என்னென்னவோ வரிகள் மனதில் தோன்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எனக்குக் கடலை வேண்டியிருந்தது.

பின்சீட்டிலிருந்து கையை நீட்டினேன். டீச்சர் திரும்பினார். சூடு ஆறாத கடலையை என் உள்ளங்கையில் கொட்டினார். அந்த நேரம் இடப்பக்கம் பார்க்க ஆளில்லை.

வேலிகளுக்கு இடையிலான இட்டேரித் தடத்திலிருந்து ஒரு மொபெட் வந்தது. பின்னால் மாட்டுக்குச் சோளத்தட்டு, ஆளை மறைக்கும் கட்டு. ஒரு உரசல் சத்தம். மொபெட் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். அவள் பிரேக்கை மிதித்தபோது அவர் வாய்க்காலுக்குள் கிடந்தார்.

நல்ல காலம், சோளத்தட்டின் மேலேயே விழுந்திருந்தார். எழுந்தார், வேட்டியை உதறினார், முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். சண்டைக்கு நியாயம் முழுக்க அவர் பக்கம்.

"ஏனுங்கம்மணி, இத்தாச்சோட்டு ஆளு வாரேன், இவ்ளோ பெரிய கட்டோட வாரேன், உங்களுக்குத் தெரியலீங்களா?"

நாமக்கல்காரி கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியலீங்க" என்றாள்.

அவர் அடுத்துச் சொல்ல வைத்திருந்ததை விழுங்கிவிட்டார். "தெரியலீன்னா?"

"இந்தப் பக்கம் எனக்குத் தெரியறதில்லீங்க. ஒரு வருசமாச்சு."

டீச்சர் குறுக்கே வந்தார். "தப்பு என்னுதுங்க. நான்தான் லெஃப்ட் பாத்துச் சொல்லணும். கடலை எடுத்துக் கொடுக்கத் திரும்பிட்டேன்."

"நீங்க சொல்றதா? இவங்க ஓட்டறதா?" அவர் என்னிடம் திரும்பினார். "அப்ப நீங்க எதுக்குங்க?"

"நான் கடலை வாங்கினேன்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"லாரிக்கே ஒரு டிரைவர்தாங்க. நீங்க மூணு பேரு சேந்து ஒரு காரை ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடிபட்ட கையோடு அவரே சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடமாக நாங்கள் நட்பு என்று நினைத்திருந்தது அவர் வாயில் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது. அந்த மனிதருக்குப் பதில் ஒரு பள்ளிப் பிள்ளை வந்திருந்தால்?

சிதறிய தட்டை மூன்று பேரும் பொறுக்கிக் கட்டினோம். அவர் வீடு இட்டேரியில் கூப்பிடு தூரம். காரை ரோட்டில் விட வேண்டாம், களத்தில் நிறுத்துங்கள் என்றார். அவள் ஸ்டியரிங் பக்கம் போகவே இல்லை. என்னிடம் லைசென்ஸ் உண்டு, தைரியம் கிடையாது. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு இருநூறு அடி ஓட்டினேன். அதுவே என் எல்லை.

அவர் மனைவி ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார்.

"இவரு பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு வாராரு! ஆருங்க இடிச்சது?"

"நான்தானுங்க" என்றாள் நாமக்கல்காரி.

"கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சே ஓட்டுனாங்களாமா" என்றார் கணவர், கிணற்றடியில் கையைக் கழுவியபடி.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கேக்கறதுக்கு ஆளில்லீங்களா?"

"மகன் இருக்கறானுங்க. சொன்னா சாவிய வாங்கிக்குவான்."

"வாங்கட்டுமே! இவரு உசுரு போயிருந்தா உங்க மகன் வாங்கித் தருவாரா?"

ஒரு வருடத்தில் நாங்கள் சொல்லாததை அந்த அம்மாள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். சொன்ன வேகத்திலேயே உள்ளே போய் மஞ்சள் கொண்டுவந்தார், கணவரின் கையில் அப்பினார். மோகனூர் டாக்டரிடம் போகலாம் என்று நாங்கள் மன்றாடியதை இருவரும் காதில் வாங்கவில்லை. அடுப்பில் விசில் வந்தது.

"அரிசிம்பருப்புதான் ஆக்கியிருக்குது. ஒக்காருங்க."

"வேண்டாமுங்க" என்றாள் நாமக்கல்காரி. "இடிச்ச ஊட்டுல சோறு எறங்காதுங்க."

"கோவம் வேற, சோறு வேற. ஒக்காரு சாமி."

அந்த 'சாமி'யில்தான் அவள் உடைந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்த பிறகு சாப்பிட்டாள். பருப்பு மணக்கும் சோறும், நெய்யும், தோட்டத்துக் கத்தரிக்காய்ப் பொரியலும். எட்டு வருடத்தில் எத்தனையோ ஊரில் உண்டிருக்கிறோம். எங்களுக்கு உரிமையே இல்லாத சாப்பாடு அது ஒன்றுதான்.

கை கழுவியதும் அவள் போனை எடுத்தாள். களத்தின் நடுவே நின்று பேசினாள். மகன் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை.

"சாமி, நாந்தான். கார் மோகனூர் கிட்ட ஒரு தோட்டத்துல நிக்குது. எனக்கொண்ணும் ஆகல. ஒருத்தர இடிச்சுப்போட்டேன். அவரும் நல்லாத்தான் இருக்கறாரு, அவுங்க ஊட்டுலதான் சோறு தின்னேன்... நாந்தான் ஓட்டுனேன், வேற ஆரு? கேளு. கேளு சாமி. எனக்கு எடப்பக்கம் தெரியறதில்ல... ஒரு வருசமா... ஆமா... திட்டு, அப்பறம் வந்து திட்டு. திங்கக்கெழம கண்ணாஸ்பத்திரிக்கு டோக்கன் போட்டுரு. நாளைக்கு நீ வந்து கார எடுத்துக்க. அவருக்குக் கை செராச்சுக் கெடக்குது, டாக்டருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போகோணும், அதையும் பாரு."

வந்து, சாவியை அந்த மனிதரிடம் நீட்டினாள். மகனிடம் கொடுக்க முடியாததை, எங்களிடம் கொடுக்க முடியாததை, காலையில் முகம்கூடத் தெரியாத ஒருவரிடம் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"வெசனப்படாதீங்க. ஒருத்தரும் தொட மாட்டாங்க. மறுக்கா எப்ப வருவீங்க?"

"மகன் வருவானுங்க" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "நானும் வாரனுங்க, பஸ்ஸுல" என்றாள்.

பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. கும்மிக்கு மைக் கட்டி யாரோ ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தது வயலைத் தாண்டிக் கேட்டது. போகலாமா என்று நான் கேட்கவில்லை. என் கால்கள் அன்று அமைதியாக இருந்தன.

பேருந்தில் அவள் இடது ஜன்னலோரம் அடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். வெளியே பார்க்க அவள் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. தோளும் சேர்ந்து திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும், "இந்த ஊருல இவ்ளோ பெரிய ஆலமரம் இருக்குதா?" என்றாள்.

"நீங்க ஒருதடவைகூட நிறுத்தலைம்மா" என்றார் டீச்சர். "எண்பதுலதானே பறப்பீங்க."

திங்கட்கிழமை மூன்று பேரும் மகனும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கண் நீர் அழுத்த நோய், குளுக்கோமா. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், ஓட்டுவது இனி கூடாது என்றார். இன்னும் ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தேன். கடைசி வரி வரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் மட்டும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பஸ்ஸுல எந்தப் பக்க ஜன்னலுங்க எனக்கு நல்லது?"

மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்து யோசித்தார். "வலப்பக்கம் உட்காருங்கம்மா. நிறையத் தெரியும்" என்றார்.