அம்மாவின் இரண்டு கண்ணாடிகள்

அம்மாவுக்கு எல்லா நாளும் கண் மங்கவில்லை. அதுதான் சிக்கல். எல்லா நாளும் மங்கியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள்.

அப்போது நாங்கள் பெங்களூர் பொம்மனஹள்ளியில் இருந்தோம். ஓசூர் ரோட்டுக்கு மேம்பாலம் வராத காலம். நான் நான்காம் வகுப்பு. அம்மா ரோட்டோரத்து கார்மெண்ட்ஸ் ஒன்றில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த மேசைக்கு வருவதற்கு முன் பல வருடம் நின்றபடியே நூல் வெட்டியவள். இப்போது அவள் பார்த்து அனுப்பிய சட்டைகள் தையல் விட்டபடியே திரும்பி வந்தன. இன்னொரு தடவை வந்தால் மறுபடி நூல் வெட்டத்தான் போகவேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பாவுக்கு அது ட்யூப்லைட். லைனில் கூட வேலை செய்த அக்காவுக்கு, துணியிலிருந்து பறக்கும் பஞ்சு. அத்தைக்கு உடம்புச்சூடு, வெள்ளிக்கிழமைதோறும் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னாள். எதிர்வீட்டு அக்கா கைக்குழந்தைக்காரி. தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று தானே முன்வந்தாள். அம்மா ஒருவர் மனமும் நோகாமல் அத்தனையும் செய்தாள். எதைச் செய்தாலும் சில நாளில் பார்வை தெளிந்தது. ஆகவே எல்லோரும் ஒருமுறையாவது ஜெயித்தார்கள். பிறகு மறுபடி மங்கியது.

யுகாதி வந்தது. வீட்டுக்காரம்மா கன்னடக்காரர், தட்டு நிறைய ஒப்பட்டு, அதாவது வெல்லப் போளி, கொடுத்தனுப்பினார். அம்மாவுக்கு ஒப்பட்டு என்றால் உயிர். அந்த வாரம் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரின் பெரிய எண்கூட அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது. அப்பா பயந்துபோய் எங்களை மடிவாளாவில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். ‘கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்’ என்று போர்டு. இயந்திரத்துக்குள் ஒரு நீண்ட சாலையும் அதன் முடிவில் ஒரு பலூனும் இருந்ததாக அம்மா சொன்னாள். கண்ணாடி வந்தது. போட்ட அன்று எதிர்ப்பக்கத்து பஸ் போர்டைக்கூடப் படித்தாள். அப்பா பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

சில நாள்தான். அப்புறம் கண்ணாடியைப் போட்டால் மங்கல், கழற்றினால் தெளிவு. கடைக்காரர் மறுபடி பார்த்து வேறு நம்பர் போட்டுக் கொடுத்தார். அதுவும் கொஞ்ச நாள். ஆனால் முதல் கண்ணாடி திடீரென்று ஒருநாள் பொருந்தியது. ஆகவே இரண்டையும் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் எனக்கு வேலை வந்தது: அவளை வாசலருகே உட்காரவைத்து, காலண்டரில் ராகுகாலம் போட்டிருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வது.

“இன்னைக்கு எதுடீ?”

“கறுப்பு போடும்மா. பிரவுன் நாளைக்கு.”

சில நாள் இரண்டுமே உதவாது. அன்றைக்கு இரண்டையும் வைத்துவிட்டு, சோற்றுடப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மூன்றாவது முறை போனபோது கடைக்காரர் இயந்திரத்தின் உறையைக்கூடக் கழற்றவில்லை.

“ஏன்க்கா, வீட்ல ரெண்டு மூணு ஜோடி கண்ணு வச்சிருக்கியா? வாட்டிக்கு ஒண்ணு மாட்டிட்டு வர்றியா?”

“உன் மிஷின்தான்ப்பா கெட்டுப்போச்சு” என்றாள் அம்மா.

“என் மிஷினு சக்கத்தா, சூப்பரா இருக்கு. இன்னொண்ணு வித்தா எனக்கு லாபந்தான். வேணாம்க்கா. கண்ணாஸ்பத்திரிக்குப் போ.”

பெரிய ஆஸ்பத்திரி என்றால் அம்மாவுக்குப் பயம். அறுத்துவிடுவார்கள், வேலை போய்விடும் என்று நினைத்தாள். அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன்.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். எப்போதும் மங்கலா, வந்து வந்து போகிறதா? ஒரு கண்ணா, இரண்டுமா? தலைவலி உண்டா?

“தண்ணி நிறைய குடிக்கிறீங்களா?”

“எல்லாரும் குடிக்கற மாதிரிதான் மேடம்.”

“இல்ல மேடம், ஒரு சொம்பு ஒரே மூச்சுல!” என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

டாக்டரம்மா சிரித்தார். “வக்கீலையே கூட்டிட்டு வந்திருக்கீங்க. அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதா?”

அம்மா தரையைப் பார்த்தாள். கார்மெண்ட்ஸில் அதற்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் கேட்டு வாங்கவேண்டும். அடிக்கடி கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே வேலை செய்திருக்கிறாள். அதை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னாள்.

இப்போது மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழை என்றால், அந்த நேரத்தில் வேறென்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் பாலபாடம். அன்று வீட்டில் தண்ணீர்க்குடம் சீக்கிரம் காலியானது, அம்மாவின் ஜாக்கெட் தொளதொளத்தது, சாப்பிட்டும் அசந்துபோனது, எல்லாம் எங்கள் கண்முன்னால்தான் நடந்தன. நாங்கள் கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். ரத்தமும் எடுத்தார்கள். மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்.

“கண்ணு உள்ள நல்லா இருக்கு. சர்க்கரைதான் ரொம்ப இருக்கு. அது ஏறி எறங்கறப்ப பார்வையும் கூடவே மாறும். அதான் எந்தக் கண்ணாடியும் நிக்கல. நாளைக்கே சர்க்கரை டாக்டரைப் பாருங்க. அது ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் புதுசு வாங்காதீங்க. வருசா வருசம் கண்ணைக் காட்டிடுங்க.” கார்மெண்ட்ஸில் கொடுக்க, சிகிச்சையில் சரியாகிவிடும் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

மருந்து விட்டதால் வெயிலில் அம்மாவின் கண் கூசியது. முந்தானையை நெற்றிக்கு இழுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். பஸ் போர்டைப் படித்தது நான். ரோடு தாண்ட வைத்தது நான்.

அப்பா ஷிப்ட் முடிந்து வாசலில் நின்றிருந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: “அப்பா! கண்ணுல ஒண்ணுமே இல்லியாம்! வெறும் சர்க்கரைதானாம்!”

எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்தாள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இத்தனை நல்ல செய்திக்கு யாரும் குதிக்காததால் எனக்குக் கோபமாக வந்தது. “ஸ்வீட் வாங்கணும்ப்பா” என்றேன்.

“கொழந்த கேக்குதில்ல, வாங்கிட்டு வாங்க” என்றாள் அம்மா.

அப்பா தயங்கித் தயங்கிப் போய் மைசூர்பாகு வாங்கிவந்தார். முதல் துண்டை அம்மாவின் வாயருகே நீட்டினேன். அவள் துழாவி என் கையைப் பிடித்து, விரல்களில் முத்தமிட்டு, துண்டை என் வாய்ப்பக்கமே திருப்பிவிட்டாள். அம்மாவுக்கு என்மேல் எவ்வளவு ஆசை என்று எண்ணிக்கொண்டு, அவள் பங்கையும் நானே தின்றேன்.