ஆமென் வராத ஜெபம்

எங்கள் மாமாவின் ஜெபம் வடமாலபேட்டை முழுக்கப் பிரசித்தம். ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். சபை ஊழியர் என்பதால் யாரும் வாய் திறக்க முடியாது. அவர் ஆமென் சொல்வதற்குள் அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்துவிடும் என்று அத்தையே கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குச் சற்று முன்னால், செங்கல் சூளையிலிருந்து ஓர் அக்கா கைக்குழந்தையோடு சர்ச்சுக்குள் ஓடிவந்தாள். முன்பணம் வாங்கியவர்களை அந்தச் சூளையை விட்டு நகரவிட மாட்டார்கள். குழந்தைக்கு மருந்து வாங்க வெளியே போனதற்காக அவளை அடித்திருந்தார்கள். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்னும் பூசாமல் நின்ற எங்கள் சர்ச் சுவருக்குச் செங்கல் தந்தவரே அந்தச் சூளைக்காரர்தான்.

"கல்லு குடுத்தவர எப்பிடி பகைச்சிக்கிறது?" என்றார்.

"குடுத்தது அவரு, மண்ணு மிதிச்சி கல்லு அறுத்தது இவ. மனுசங்கள அடிமையா வச்சிக்கினு இருக்கறவனுக்கு பயந்தா, கர்த்தர் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" என்றாள் அத்தை. உடனே, கொத்தடிமைகளை மீட்கும் வருவாய் அதிகாரியான ஆர்.டி.ஓ.வின் ஆபீசுக்குப் போன் செய்தாள். எங்கள் ஜீப் வரும்வரை அந்தப் பெண்ணை வெளியே அனுப்பாதீர்கள் என்றார்கள்.

அத்தை அக்காவுக்கு முக்காடு போட்டுப் பெண்களோடு உட்கார வைத்தாள். குழந்தையை என் மடியில் போட்டாள். ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலிட்டபோது வெளியே பைக் வந்து நின்றது. சூளை மேஸ்திரி. ஜெபத்தின் நடுவே யாரும் உள்ளே நுழைவதில்லை. அவனும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கைகட்டி நின்றான். ஆமென் வந்தால் அவனும் உள்ளே வருவான்.

முழங்காலிட்டிருந்த அக்காவின் உள்ளங்கால்கள் சூளை மண் ஏறிச் சிவந்து, வாசலைப் பார்த்தபடி இருந்தன. பின்னால் இருந்த அத்தை தன் முந்தானையை இழுத்து அவற்றை மூடினாள். குழந்தை அழுதால் தொலைந்தோம் என்று அதன் வாயில் என் விரலைக் கொடுத்தேன்.

மாமா நோயாளிகளுக்காக ஜெபித்தார். மழைக்காக, மாந்தோப்புகளுக்காக, முதலமைச்சருக்காக, பலமனேர் கறவை மாடுகளுக்காகக்கூட ஜெபித்தார். குரல் கம்மிப்போயும் நிறுத்தவில்லை. ஜீப் சத்தம் கேட்ட பிறகுதான் ஆமென் வந்தது. மேஸ்திரி செருப்பைக்கூட மாட்டாமல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு ஓடினான்.

"ஏன் மாமா இவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

"முடிக்க பயமா இருந்துச்சி பாப்பா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜீப்பில் ஏறும் முன் அக்கா சர்ச் சுவரில் ஒரு செங்கலில் பதிந்திருந்த விரல் தடத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். சிலுவை உள்ளே இருக்க, இவளுக்கு எதைக் கும்பிடுவது என்றுகூடத் தெரியவில்லையே, பாவம் என்று நினைத்தேன்.