இரண்டு உறைக்குள் விக்டோரியா

"கையில வாணாம் சார். தட்டுல வைங்க."

அறுவை அரங்கில் நர்ஸ் விக்டோரியா இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாளோ, கர்த்தருக்கே வெளிச்சம். கத்தி ஒரு கையிலிருந்து நேராக இன்னொரு கைக்குப் போகக் கூடாது. நடுவில் தட்டு வேண்டும். டாக்டர் பார்த்திபன் என்ன, எந்தக் கொம்பன் கையை நீட்டினாலும் அந்தக் கை அந்தரத்தில்தான் நிற்கும். கைக்கு இரண்டு உறை, மூச்சை இறுக்கும் முகமூடி, அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு. வெளியே அப்படியொரு வாயாடி. உள்ளே வெறும் இரண்டு கண்கள்.

போன வாரம் மேசையில் சின்னராசு. கும்மிடிப்பூண்டி உருக்காலையில் இரும்பு தூக்கியவன். எய்ட்ஸ் வந்த உடம்பில் காசநோய் முதுகெலும்பைத் தின்றுவிட்டது. இரண்டு காலும் அசைவற்று விழுந்துவிட்டன.

"சிஸ்டர், என்னாண்ட வர பயமா கீதா?"

"பின்ன இல்லாம? அதான் ரெண்டு உறை மாட்டிக்கினு கீறேன். பேஜாரு பண்ணாம படு."

மயக்கம் கொடுத்து, குப்புறக் கிடத்தி, முதுகைத் திறந்தார்கள். சூடோ சிவப்போ காட்டாமல் உள்ளுக்குள்ளேயே ஊறிக் கிடந்த சீழ் வழிந்தது.

அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கும்மிருட்டு. இதயத்துடிப்பு காட்டும் பெட்டியின் பச்சை வெளிச்சத்தில் அந்தத் திறந்த முதுகு மட்டும் ஈரமாக மின்னியது.

"யாரும் அசையாதீங்க!" என்றாள் விக்டோரியா.

மூச்சுகள் மட்டும் கேட்டன. ஆனால் இருட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் விரலைத் தேடி வந்து, மெதுவாகத் தொட்டது.

விளக்கு வந்தபோது டாக்டரின் கத்தி அவள் சுட்டுவிரலில் இருந்தது. தட்டு தெரியாமல், பழக்கதோஷத்தில் கையைத் தேடி நீட்டியிருக்கிறார் மனுஷன். வெளியுறை கிழிந்திருந்தது.

தன் இடத்தில் இன்னொரு நர்ஸ் நந்தினியை நிறுத்திவிட்டுக் குழாயடிக்குப் போனாள். உள்ளுறை முழுசாகத்தான் தெரிந்தது. கழற்றித் தண்ணீர் பிடித்து அமுக்கினாள். ஊறிப்போன பிணத்தின் கை மாதிரி உப்பியது. சுட்டுவிரல் நுனியில் நூலிழையாய்த் தண்ணீர் பீய்ச்சியது. தன் விரலைப் பார்த்தாள். அங்கே சிவப்பாய் ஒரு புள்ளி மெல்ல எட்டிப்பார்த்தது. ஏசுவே!

கழுவினாள், தடுப்பு மாத்திரையை அப்போதே விழுங்கினாள். கிருமி ஏறியதா இல்லையா என்று ரத்தப் பரிசோதனை நிச்சயமாகச் சொல்ல மாதக்கணக்காகும்.

மறுநாள் வார்டில் சின்னராசு கண் விழித்ததும் அதையே கேட்டான்:

"ஆபரேசன்ல யாருக்காச்சும் கத்தி கித்தி பட்டுச்சா சிஸ்டர்? அத்த நெனச்சா மனசே ஆற மாட்டேங்குது."

"ஒர்த்தருக்கும் ஒண்ணும் ஆவல. நீ உன் வேலையப் பாரு."

பிளாஸ்திரி ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, உறை போடாத மறு கையால் அவன் கால் கட்டைவிரலைப் பிடித்தாள்.

"இன்னா பாக்கற? அசைச்சுக் காட்டு."