கத்திரி பட்ட செடிகள்

சலூன்காரர் கடையில் ஆளுக்கொரு புது பிளேடு. கத்திரியை ஸ்பிரிட்டில் முக்காமல் அடுத்த தலையைத் தொடமாட்டார்.

"என்னய்யா, முடிவெட்டுறியா, ஆபரேஷன் பண்றியா?" என்று காத்திருப்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

"மண்டைக்குள்ள ஏதாச்சும் இருந்தா பண்ணலாம்" என்பார்.

வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு பால்கனி முழுக்க ஆர்க்கிட் செடிகள். மண் கிடையாது, கரித்துண்டிலும் மரப்பட்டையிலும் வேர் பிடித்துத் தொங்கும். காலையில் தண்ணீர் தெளிப்பார். இருட்டுவதற்குள் இலையிடுக்கில் ஈரம் நிற்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பார். கடையில் முனை மழுங்கிய கத்திரி ஒன்று இங்கே வேலைக்கு வந்தது. அழுகிய வேரை நறுக்குவது, அடர்ந்ததைப் பிரித்து நடுவது, பூத்து முடிந்த தண்டை வெட்டுவது எல்லாம் அதில்தான். சட்டையில் ஒரு துடைப்பு, அடுத்த செடி.

கணையத்தில் கட்டி, இனி சில மாதம் என்று டாக்டர் கைவிரித்ததும் அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான். செடிகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? பெண்ணுக்கு வரன் தேடுவதுபோல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு பார்த்தார். இருப்பதிலேயே நல்ல ஊதா, தானும் ஆர்க்கிட் வளர்க்கும் எதிர்வீட்டுத் தையல்காரருக்கு.

மகளுக்குப் பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம் என்று காகிதப் பட்டைகள் கொண்டுவந்தாள். இலைத்துண்டை நசுக்கிய சாற்றில் பட்டையை நிறுத்த வேண்டும். ஒரு கோடு என்றால் சுத்தம், இரண்டு என்றால் வைரஸ்.

இரண்டு. அடுத்ததிலும் இரண்டு. ஊதாவிலும்.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"வெளியில தெரியாதுப்பா. பல வருஷம் பூக்கும். ஆனா ஒண்ணோட சாறு இன்னொண்ணுல பட்டா ஒட்டிக்கும்."

"சாறு எப்படிப் படும்?"

அவள் சொல்வதற்குள் ஆணியில் தொங்கிய கத்திரியை அவரே பார்த்துவிட்டார்.

"மருந்து?"

"இல்லப்பா. எரிச்சிடணும்."

அன்று சாயங்காலமே தையல்காரர் வந்தார். "யோவ், ஊதாவுக்குக் கொக்கி அடிச்சாச்சு. பொண்டாட்டி துணி காயப்போடுற இடம், வீட்டுல ஒரே ரகளை. எங்கே என் மருமக?"

மருமகள் மொட்டுக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. மகளும் வாய் திறந்திருக்கமாட்டாள்.

"தர முடியாதுய்யா. நோய் பிடிச்சிருக்கு."

"போகும்போது கூடவே கொண்டுபோகப் போறியாக்கும்?"

"என் கத்திரிதான் பரப்பிருக்கு. கழுவாமலே வெட்டிட்டேன்."

"நீயா? ஒரு ஷேவிங்குக்கு நாலு தடவை கை கழுவுற ஆளு..." சிரித்துக்கொண்டே பேசியவர் பாதியில் நிறுத்தினார். "என் செடிங்களையும் நீதானே பிரிச்சு நட்டே?"

"ஆமா."

"இதே கத்திரியா?"

"ஆமா."

தையல்காரர் எழுந்து போனார். அவருக்கு வைத்த டீயில் ஆடை படிந்தது.

மறுநாள் சோதனைப் பட்டைகளின் புதுப் பாக்கெட்டைக் கொடுத்து மகளை எதிர்வீட்டுக்கு அனுப்பினார். தையல்காரர் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"வேண்டாம் பாப்பா. நோயின்னு தெரிஞ்சப்புறம் எந்தக் கையால தண்ணி ஊத்துறது?"

"அப்பா கேட்பாரே மாமா."

"ஏதாவது சொல்லிக்கோ."

கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார் சலூன்காரர். "என்னம்மா வந்துச்சு?"

"எல்லாம் சுத்தம்பா."

அவர் அவள் கையைப் பார்த்தார். பாக்கெட்டின் ஒட்டு பிரியவில்லை.

"சரிம்மா" என்றார்.

பால்கனிச் செடிகளை எரிப்பதற்காக அவள் மூட்டை மூட்டையாகக் கட்டி இறக்கினாள். அவருக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. ஊதாவைக் கழற்றியபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

பால்கனி காலியானதும் எதிர்ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. தையல்காரரின் செடிகள் அந்த வாரம்தான் பூத்துக் குலுங்கின. கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். கடைசிவரை சுவரைப் பார்த்தே கிடந்தார்.