ஏரிக்கரை என்று சொன்னேன்

பெங்களூரில் ஒரு கல்லூரியில் செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டுவது என் வேலை. பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே செடியைப் பரப்பி, பலகை வைத்து இறுக்கி, ஈரம் போகும் வரை தினமும் தாள் மாற்ற வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஒட்டிய தாளின் மூலையில் செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத் தெரியும்.

புரொபசர் இந்த மண்ணிலேயே முளைத்த செடிகளை ஒரு பக்கமும், உண்ணிச்செடி, வெட்டுக்காயப் பூண்டு போல வெளிதேசத்திலிருந்து வந்து பரவியவற்றை இன்னொரு பக்கமும் எழுதி வந்தார். வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள்.

"வந்த செடி, இருந்த செடின்னு பிரிக்கிறாரா? அப்ப பொழைக்க வந்த நம்மள எந்தப் பக்கம் ஒட்டுவாராம், கேட்டுக்கினு வா."

எங்களிடம் ஒரு பசு இருந்தது. அவள் தினமும் புல்லறுக்கப் போவாள். ஒரு நாள் அவள் இறக்கிய புல்லுக்கட்டில், புல்லோடு புல்லாக, ஊதாப் பூவுடன் ஒரு செடி. விரல் நீளம்கூட இல்லை. இலையும் கண்ணில் படவில்லை. ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்த புரொபசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அடியில் கடுகைவிடச் சிறிய பைகளை வைத்துக்கொண்டு பூச்சி பிடிக்கிற செடியாம். அந்த வகையை அவர் இங்கே பார்த்ததே இல்லை.

"எடுத்தவங்க பேருன்னு உன் சம்சாரம் பேரத்தான்பா போடணும். எங்க சிக்கிச்சு?"

அதை அவள் சொல்லவில்லை. புல்லறுக்கிறவர்கள் நல்ல புல் இருக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். "காயிதத்துல எழுதினா ஊரே அருவா தூக்கிக்கினு வந்துடும். உன் ஐயாவ இட்டுக்கினு வா, கண்ணால காட்டறேன்" என்றாள்.

நான் கூட்டிப் போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வாய் ஓயாமல் பேசியபடி முன்னே நடக்க, பின்னால் புரொபசரும் நானும் போவதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். மூன்றாவது ஞாயிறு அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அந்த நிலையில் செடியைப் பற்றி யார் கேட்பார்கள்? பதினோராம் நாள் போய்விட்டாள்.

அவளைப் போலப் புல்லறுக்கப் போகிற பெண்களைக் கேட்டுப் பார்த்தேன். "அண்ணி எங்க போவும்னு எங்களுக்கே தெரியாதுண்ணா. தனியாத்தான் போவும்" என்றார்கள்.

வருஷக் கடைசியில் அலமாரியை ஒழுங்குபண்ணும்போது புரொபசர் அந்தச் செடி ஒட்டிய தாளை எடுத்தார். இடம் என்ற வரி காலியாக இருந்தது.

"ஊர் தெரியாத செடி வெறும் வைக்கோல்தான்பா. வச்சு என்ன பண்றது?"

வருத்தத்தோடுதான் சொன்னார். அழகான எழுத்தில் அவள் பெயர் இருந்த காகிதம் அது ஒன்றுதான்.

"ஏரிக்கரைங்க ஐயா. ஜோகுபாளையத்துப் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே எழுதினார்.

நாலு வருஷம் கழித்து, அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டு மதராசிலிருந்து செடி ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மாள் வந்தார். அவருடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நானே போனேன். மூன்று நாள், முழங்கால் சேற்றில், குனிந்து குனிந்து தேடினார். இடம் பொய் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் தாள் அலமாரியை விட்டுப் போய்விடும்.

மூன்றாம் நாள் கரையேறிக் கால் கழுவிக்கொண்டே அவர் கேட்டார்: "இத எடுத்தவங்க இந்த ஊர்தானே? அவங்க வந்தா ஒரு நிமிஷத்துல காட்டிடுவாங்க. கூப்பிட முடியுமா?"

"முடியாதுங்கம்மா."

"வரமாட்டாங்களா?"

"அவளுக்குக் காட்டணும்னுதான் இருந்துச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தாமே தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். ஏரிக்கரை என்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்ன இடம் என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை.