வரையாமல் விட்ட வாய்க்கால்

ஓடிக்கொண்டிருந்த ஒரு வாய்க்காலை நான் வரைபடத்தில் வரையாமல் விட்டேன். தெரிந்தே விட்டேன். அதனால் ஒரு பெண்ணின் வயல் காய்ந்தது. கேட்டவர்களிடம் படத்தில் அப்படி ஒரு வாய்க்காலே இல்லை என்றும் சொன்னேன்.

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்லுவது சுலபமாக இருக்கிறது. அந்தக் கோழைத்தனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் நில வரைபடம் வரையும் வேலையில் இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. நைந்துபோன பழைய படங்களைக் கஞ்சி போட்ட ட்ரேசிங் துணியில் மைபோட்டு நகல் எடுப்பதுதான் என் வேலை. என் நகல் சரிபார்க்கப்பட்டுக் கையெழுத்தானால் அதற்குப் பிறகு அதுதான் மூலம். பழைய தாள் கட்டோடு கட்டாகப் போய்விடும். அதற்கப்புறம் எடுக்கும் பிரதிகள் எல்லாம் நான் போட்ட கோடுகளைத்தான் சுமக்கும்.

எத்தனை பெரிய அதிகாரம் பாருங்கள், ஒரு பேனா பிடிக்கிறவனுக்கு!

இலஞ்சிக்குக் கிழக்கே ஒரு வயற்காட்டின் படம் வந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. நேரில் போய் அளந்து, அந்த மூலையைத் துணியிலேயே பென்சிலால் குறித்துவந்தேன். நல்ல வெயில். ஒரு சின்ன வாய்க்கால் கரையில் நின்றபோது, அந்த வயலுக்குச் சொந்தக்காரி உலகம்மாள் ஒரு செம்பு மோர் கொடுத்தாள். கணவனை இழந்தவள்; முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த வாய்க்காலின் கடைமடை அவள் வயல்தான்.

சில நாள் கழித்து, ஒரு அளவை மறுபடி பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். சாரல் தொடங்கியிருந்தது. வழியில் இரண்டு நண்பர்கள், "ஏலே, ஐந்தருவியில தண்ணி கொட்டுதாம்லே. அளவு எங்கன ஓடிப்போகப் போவுது?" என்றார்கள். அளவு ஓடவில்லை, நான்தான் ஓடினேன். இலஞ்சியில் நிற்க வேண்டிய சைக்கிள் குற்றாலத்தில் போய் நின்றது.

படத்தை வைக்கும் தகரக் குழாயின் மூடி சிக்கிக்கொண்டதால் வெறும் செய்தித்தாளில்தான் சுற்றியிருந்தேன். குளித்து முடித்த சுகத்தில், ஈரத்துண்டை அப்படியே கேரியரில் அதன்மேல் வைத்துக் கட்டிவிட்டேன். வீட்டில் பிரித்தால் கஞ்சி கரைந்து, ஒரு மூலை பழந்துணியாகத் துவண்டு கிடந்தது. எந்த மூலை என்று சொல்லவும் வேண்டுமா... பென்சில் கோடுகள் போயே போய்விட்டன.

மறுநாளே போய் மறுபடி அளந்திருக்கலாம். சைக்கிளில் அரைமணி நேரம். ஆனால் தாமதம் ஏன் என்று கேட்பார்கள். துணி எப்படி நனைந்தது என்று கேட்பார்கள். அலுவலக நேரத்தில் அருவியில் நின்றவன் என்ன பதில் சொல்வேன்? வேலை நிரந்தரம் ஆகப்போகிற நேரம் வேறு.

புதுத்துணியில் அந்த மூலையை மட்டும் நினைவை வைத்தே வரைந்தேன். வயல் எல்லைகள் நினைவிருந்தன. வாய்க்கால் வரப்புக்கு வடக்கே ஓடியதா, தெற்கே ஓடியதா என்பதில் மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது எங்கள் தொழிலின் குயுக்தி ஒன்று எனக்குத் தோன்றியது. தப்பாகப் போட்ட கோட்டை எவனாவது கண்டுபிடித்துவிடுவான். போடாத கோட்டை யார் தேடப்போகிறார்கள்?

போடவில்லை. படம் சரிபார்க்கப்பட்டது. அழகான கை என்று பாராட்டும் கிடைத்தது.

நாலைந்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேல்வயல்காரர் வாய்க்காலைத் தூர்த்துத் தன் வயலோடு சேர்த்துக்கொண்டார். உலகம்மாள் மனு எழுதிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். பயிர் பொதியில், கதிர் வெளிவரும் பருவத்தில் நின்றிருந்தது. தண்ணீர் வந்தால்தான் நெல்.

அதிகாரி படத்தை விரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதுல வாய்க்கா ஒண்ணையும் காணுமே. நீருதானவே வரைஞ்சது?"

நான் வாய் திறப்பதற்குள் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. "இந்த அய்யாதான் அன்னைக்கு அளக்க வந்தாவ. வாய்க்கா கரையில நின்னுதான மோரு குடிச்சீய? சொல்லுங்கய்யா."

அவள் என்னைச் சாட்சிக்கு அழைத்தாள். நினைத்துப் பாருங்கள்... அந்த இடத்தில் அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை நான்!

"படத்துல இல்லம்மா," என்றேன்.

பொய் இல்லை, பாருங்கள். படத்தில் இல்லைதான். இந்தச் சமாதானத்தை எத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? ஊரில் நாலு பேரைக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும். ஆனால் மேல்வயல்காரரைப் பகைத்துக்கொள்ள யாரும் வரவில்லை. மனு தள்ளுபடியானது. அந்தப் போகத்தில் பயிர் பதராகப் போயிற்று. அடுத்த வருடம் வயலே கைமாறியது. வாங்கியவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சாரல் காலத்தில் குடும்பத்தோடு குற்றாலம் போனேன். அருவிக்குப் போகும் வழியில் கூடையில் மங்குஸ்தான் வைத்து விற்றுக்கொண்டிருந்தவள், "அய்யா, சௌக்கியமா இருக்கீயளா?" என்றாள். உலகம்மாள்தான். என் சின்ன மகளின் கையில் ஒரு பழத்தை உடைத்துக் கொடுத்தாள். நான் தலை குனிந்து நின்றதைப் பார்த்து என்ன நினைத்தாளோ, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "விடுங்கய்யா. படத்துல இல்லாததுக்கு நீங்க என்ன செய்வீய?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ஆறுதல் சொன்னாளே... அன்று நான் அருவியில் குளிக்கவில்லை. அதன்பிறகு என்றுமே குளித்ததில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் சளி பிடிக்கும் என்பேன்.

பழம் வாங்கித் தின்ற அந்த மகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நம் பக்கத்துக் குளங்களையும் வாய்க்கால்களையும் கணினியில் வரைபடமாக்கும் வேலையில் நண்பர்களோடு இறங்கியிருக்கிறாள். கட்டற்ற மென்பொருளாம், யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாமாம். வரைந்த படத்தையும் அப்படியே ஊருக்குப் பொதுவில் வைத்துவிடுவார்களாம். என் பழைய படத்தின் பிரதி ஒன்றை எங்கிருந்தோ பிடித்து, வானத்திலிருந்து எடுத்த இன்றைய படத்தின்மேல் ட்ரேசிங் துணியைப் போலப் பரப்பிக் காட்டினாள். என் கோடுகள் இம்மி பிசகாமல் பொருந்தின. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "எப்பா, இங்கன ஒரு பச்சைக் கோடு மாதிரி தெரியுது பாருங்க. பழைய வாய்க்கா தடமா இருக்குமோ? ஒங்க படத்துல இல்லியே. சேத்துரட்டுமா?"

வடக்கேதான் ஓடியிருக்கிறது. வரப்புக்கு வடக்கே. இத்தனை வருடம் கழித்து என் சந்தேகம் தீர்ந்தது.

ஒரு சொல் போதும். ஆமாம் என்றால் வரைந்துவிடுவாள். வயல் திரும்பி வராது. உலகம்மாளும் இன்று இல்லை. ஆனாலும் அப்படி ஒரு வாய்க்கால் ஓடியது உண்மை என்றாவது ஆகும். ஆனால் ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பாளே...

"படத்துல இல்லன்னா விட்டுரும்மா," என்றேன்.

சரியென்று அடுத்த வயலுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை நானே அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். நீங்களும் திறந்து பார்க்கலாம், எல்லோருக்கும் பொதுவானதுதான். கீழே ஓரத்தில், மூலப்படம் வரைந்தவர் என்று என் பெயரைப் பாசத்தோடு போட்டிருக்கிறாள். வாய்க்கால் இல்லை.